சொட்டாத கசிவு

பழைய டர்போ கார் வைத்திருப்பவர்கள் சந்தித்துக்கொண்டால் மைலேஜுக்கு முன்பே வரும் கேள்வி, "கூலன்ட் குறையுதா?" என்பதுதான். குறைகிறது என்பதே பெரும்பாலும் பதில். எங்கே போகிறது என்று கேட்டால்தான் ஆளுக்கொரு கதை வரும். கார் நிற்கும் இடத்தில் தரை காய்ந்து கிடக்கும், ஹோஸ்கள் பார்வைக்கு நன்றாகவே இருக்கும், டேங்கில் மட்டும் அளவு இறங்கிக்கொண்டே போகும்.

என்னிடம் இருப்பது 2000களின் நடுவில் வந்த 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் செடான். கோவையில் ஓடுகிறது, மேட்டுப்பாளையம் தாண்டி அடிக்கடி மலையேறும். அதில் இப்படி ஒரு கசிவைத் தேடிப் பிடித்த அனுபவம்தான் இது. கம்பெனிப் பெயர் இங்கே தேவையில்லை. இந்த வயதுடைய எந்த டர்போ காருக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

கூலன்ட் குறைகிறதா என்பதையே முதலில் சரியாகப் பார்க்க வேண்டும். ஓட்டி வந்து நிறுத்திய சூட்டில் டேங்கைப் பார்த்தால் அளவு ஏறித்தான் தெரியும், சூட்டில் திரவம் விரிவதால். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், சமதளத்தில், எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது பார்ப்பதுதான் கணக்கு. மார்க்கர் பேனாவால் டேங்கின் மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் கிலோமீட்டரும் எழுதிவைத்தேன். இது இல்லாமல் "கொஞ்சம் குறையுற மாதிரி இருக்கு" என்று ஒர்க்‌ஷாப்பில் போய் நின்றால், அவர்களும் "மாதிரி" ஒரு வைத்தியம்தான் செய்வார்கள்.

கோடு போட்ட பிறகு இரண்டு விஷயங்கள் பிடிபட்டன. ஊருக்குள் ஓடும் வாரங்களில் அளவு அசையவே இல்லை. மலை ஏறி இறங்கினால் ஒரு விரற்கடை இறங்கியது. இன்னொன்று வாசனை. ஓட்டும்போது எதுவும் தெரியாது. வீட்டு வாசலில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கும்போது பானெட் பக்கமிருந்து லேசாக ஒரு இனிப்பு நெடி வரும். கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் சூட்டில் ஆவியாகும் நெடி அது. ஒருமுறை பழகிவிட்டால் மூக்கு மறக்காது.

தரையில் ஏன் சொட்டு இல்லை என்பதற்கு டர்போ உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். புகை போகும் வழியிலேயே அது மாட்டப்பட்டிருக்கிறது. பெட்ரோல் எஞ்சினில், முழு வேகத்தில், டர்பைனுக்குள் நுழையும் புகையின் சூடு 900 டிகிரி செல்சியஸைத் தொடும். அந்தச் சூட்டில் நடுவிலுள்ள பேரிங்கும் அதைச் சுற்றி ஓடும் எண்ணெயும் கருகிப் போகாமல் இருக்க, 1980களின் நடுவிலிருந்து பெட்ரோல் டர்போக்களின் நடுப்பகுதிக்குள் கூலன்டையும் ஓடவிடத் தொடங்கினார்கள். அதற்காக ஒரு சின்னக் குழாய் உள்ளே போகிறது, ஒன்று வெளியே வருகிறது. அந்த மூட்டில் கசியும் ஒரு துளி தரைக்கு வந்து சேரவே சேராது. சூடான இரும்பில் பட்ட இடத்திலேயே ஆவியாகிவிடும். வண்டி ஓடும்போது காற்று அதை அடித்துக்கொண்டு போய்விடும். நிறுத்திய பிறகுதான் மூக்கில் ஏறும். கசிவு எங்கே என்று காட்ட வேண்டிய ஈரத்தை, கசியும் இடமே காய்ச்சி எடுத்துவிடுகிறது. அதனால் இந்த வகைக் கசிவை எஞ்சின் ஓடும்போது தேடிப் பயனில்லை. ஆறிய எஞ்சினில்தான் தேட வேண்டும். நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இது ஒன்றுதான்.

நான் முதலில் போன ஒர்க்‌ஷாப்பில் பானெட்டைத் திறந்து பார்த்த மெக்கானிக் ஒரு நிமிடம் கூட எடுத்துக்கொள்ளவில்லை.

"ஹெட் கேஸ்கட்டுங்க சார். கீழ ஊத்தலீங்கல்ல? அப்ப உள்ளதான் குடிக்குது. ஹெட்டை இறக்கிரலாங்க."

அவர் கணக்கில் தப்பில்லை. வெளியே ஒழுகவில்லை என்றால் உள்ளே போகிறது என்பது டர்போ இல்லாத வண்டியில் நல்ல அனுமானம்தான். ஆனால் ஹெட்டை இறக்குவது என்றால் டைமிங் பெல்ட்டிலிருந்து மேனிஃபோல்டு வரை கழற்றி, ஹெட்டை லேத் பட்டறைக்கு அனுப்பி மட்டம் பார்த்து, புது போல்ட் போட்டு முறுக்குகிற பெரிய வேலை. பழைய எஞ்சினில் இந்த வேலைக்கென்று கழற்றும்போது புதிதாக ஏதாவது உடையும். அதற்குச் சம்மதிக்கும் முன், ஹெட் கேஸ்கட் போயிருந்தால் தெரிய வேண்டிய அறிகுறிகள் தெரிகின்றனவா என்று பார்ப்பதுதான் நியாயம்.

அவை ஒளிந்திருப்பவை அல்ல. காலையில் ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஒன்றிரண்டு நிமிடத்திலேயே ரேடியேட்டரின் மேல் ஹோஸைப் பிடித்துப் பாருங்கள். எஞ்சின் இன்னும் சூடேறாத நிலையிலேயே ஹோஸ் விறைத்து நின்றால், எரியும் வாயு கூலன்டுக்குள் போய் அழுத்துகிறது என்று அர்த்தம். டேங்கில் விடாமல் குமிழி வருவதும் அதே கதைதான். எண்ணெய் மூடியின் அடியில் பால் கலந்ததுபோல் வெளுத்த பசை இருக்கிறதா என்று எல்லாரும் பார்ப்பார்கள். அதை மட்டும் நம்பக் கூடாது. ஊட்டி மாதிரிக் குளிர்ந்த ஊரில் கடைக்கும் வீட்டுக்குமாகச் சின்னச் சின்ன ஓட்டம் மட்டும் ஓடும் காரில், வெறும் ஈரப்பதத்தாலேயே அந்தப் பசை பிடிக்கும். டிப் ஸ்டிக்கில் வரும் எண்ணெயே வெளுத்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்தால், கூலன்ட் புகுந்த சிலிண்டரின் பிளக் மட்டும் கழுவி எடுத்ததுபோல் சுத்தமாக இருக்கும். இதற்கெல்லாம் மேல், டேங்க் வாயில் ஒரு கண்ணாடிக் குழாயை வைத்து, நீலத் திரவத்தின் வழியாக உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சிப் பார்க்கும் ஒரு சோதனை இருக்கிறது. எரிந்த புகையிலுள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டால், பெட்ரோல் எஞ்சினில் அந்த நீலம் மஞ்சளாகும். என் காரில் ஹோஸ் இளகியே இருந்தது, எண்ணெய் சுத்தம், நீலம் நீலமாகவே நின்றது.

அடுத்து பிரஷர் டெஸ்ட். இதற்கான கருவி ஒன்றும் பெரிய விஷயமில்லை: மீட்டர் வைத்த ஒரு கைப்பம்பு, ஒவ்வொரு காரின் டேங்க் வாய்க்கும் பொருந்துகிற சில மூடிகள். சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. நல்ல ரேடியேட்டர் கடைகளில் வைத்திருப்பார்கள். பல பொது ஒர்க்‌ஷாப்களில் இருப்பதில்லை. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு டேங்க் மூடியைக் கழற்றி, அந்த இடத்தில் பம்பை மாட்டி, மூடியின் மேல் அச்சிட்டிருக்கும் அளவுக்குக் காற்றடிக்க வேண்டும். என் காரின் மூடியில் 1.4 என்று இருந்தது, அதாவது 1.4 பார். அதற்கு மேல் அடிக்கக் கூடாது. வயதான பிளாஸ்டிக் டேங்கும் ரேடியேட்டரின் பக்கப் பெட்டிகளும் அதைத் தாங்கும் என்று சொல்ல முடியாது. அடித்துவிட்டுச் சும்மா காத்திருக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது உள்ளே இருக்கும் அதே அழுத்தம் இப்போது இருக்கிறது, சூடு மட்டும் இல்லை. கசிகிற துளி ஆவியாகாமல் துளியாகவே நிற்கும்.

முள் மெதுவாக இறங்கியது. டார்ச்சையும் முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி ஒன்றையும் எடுத்துக்கொண்டு எஞ்சினுக்குப் பின்னால் தேடினேன். என் காரில் டர்போ எஞ்சினுக்கும் டாஷ்போர்டுத் தகட்டுக்கும் நடுவில் இருக்கிறது. மேலிருந்து குனிந்து பார்த்தால் வெப்பத் தகடு மட்டும்தான் தெரியும். கண்ணாடியை அதற்குக் கீழே நுழைத்துத் திருப்பியபோது, கூலன்ட் குழாய் டர்போவில் சேரும் பேஞ்சோ போல்ட் தெரிந்தது. அதைச் சுற்றி இளஞ்சிவப்பில் செதில் செதிலாக உலர்ந்த படிவு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடி வாஷரின் விளிம்பில் ஒரு துளி ஊறி, குண்டூசித் தலை அளவுக்குப் பெருத்து, கனம் தாங்காமல் கீழே இருந்த தகட்டில் விழுந்தது. சிறிது நேரம் கழித்து இன்னொன்று.

காரோடு வந்த பழைய பில்களைப் புரட்டினால், எனக்கு முன்பு வைத்திருந்தவர் டர்போவைக் கழற்றி ரிப்பேர் செய்திருப்பது தெரிந்தது. பேஞ்சோ போல்ட்டின் இரு பக்கமும் செம்பு வாஷர் இருக்கும். முறுக்கும்போது அது லேசாக நசுங்கி, மூட்டிலுள்ள மேடு பள்ளத்தை அடைத்துக்கொள்ளும். ஒருமுறை நசுங்கிய செம்பு இறுகிவிடும். மறுபடி போட்டால் அதே மாதிரி இளகி உட்காராது. பழைய மெக்கானிக்குகள் அதை நெருப்பில் செக்கச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு எடுத்து மறுபடி மாட்டுவார்கள். அது சரியான முறைதான், செம்பு அப்படிச் செய்தால் மறுபடி இளகும். ஆனால் புது வாஷர் இருக்கும் விலைக்கு அந்தச் சிரமம் தேவையில்லை. சென்னையில் இருப்பவர்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கிடைக்கும். சரியான அளவுக்குப் பழையதையும் கையோடு எடுத்துப் போங்கள். பழைய உதிரிபாகங்களுக்குப் புதுப்பேட்டை போகலாம்தான், ஆனால் ரப்பர், வாஷர், பிளாஸ்டிக் இவற்றை அங்கே வாங்காதீர்கள். நம் காரில் எந்த வயதில் கெட்டதோ, அங்கே கிடைப்பதும் அதே வயதுதான்.

வாஷர்களோடு, டர்போவுக்குப் போகும் சின்ன ரப்பர் ஹோஸையும் மாற்றினேன். சூட்டிலேயே கிடந்து அது விரலால் அழுத்தினால் அமுங்காத நிலைக்கு வந்திருந்தது. தொட்ட இடத்தில் கருமை விரலில் ஒட்டினாலும், வளைத்தால் மெல்லிய வெடிப்பு தெரிந்தாலும் அந்த ஹோஸுக்கு ஆயுள் முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

இதே நேரத்தில் டேங்க் மூடியையும் பம்பில் மாட்டிச் சோதித்தோம். 1.4 வரை பிடித்திருக்க வேண்டிய மூடி 1 பார் வருவதற்கு முன்பே காற்றை விட்டது. மூடி என்பது வெறும் மூடி இல்லை. பாதிக்குப் பாதி கூலன்ட் கலவை திறந்த பாத்திரத்தில் ஏறக்குறைய 107 டிகிரியில் கொதிக்கும். அதையே 1 பார் அழுத்தத்தில் அடைத்து வைத்தால் 130-ஐ நெருங்கும் வரை கொதிக்காது. இந்த இடைவெளியை நமக்குத் தருவது மூடியிலிருக்கும் சின்ன ஸ்பிரிங்தான். மலையில்தான் கூலன்ட் குறைந்தது என்பதற்கும் இதில் ஒரு காரணம் இருக்கிறது. ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் காற்றழுத்தம் குறைவு. திறந்த பாத்திரத்தில் வெறும் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு வேக அங்கே நேரமாவது இதனால்தான். இரண்டாவது கியரில் ஏசியோடு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் டர்போ எஞ்சினுக்கு, அழுத்தத்தைப் பிடிக்காத மூடியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

வாஷர், ஹோஸ், புது மூடி எல்லாம் போட்டு, கூலன்ட் நிரப்பி, ஏர் எடுத்தோம். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்துத்தான் ஏர் எடுக்க வேண்டும், அந்தக் குழாய்களில் காற்று தங்கிவிடக் கூடாது என்பதற்காக. கோவை ஏப்ரலில் ஹீட்டர் போட்ட காருக்குள் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்த அருமை தெரியும்.

கொஞ்ச நாளில் அளவு மறுபடி இறங்கியது. இங்கேதான் பலர் மெக்கானிக்கைத் திட்டுவார்கள், திட்டக் கூடாது. அதுவரை பலவீனமான மூடி அழுத்தத்தை வெளியே விட்டுக்கொண்டிருந்தது. மற்ற மூட்டுகள் முழு அழுத்தத்தைப் பார்த்தே பல காலம் ஆகியிருக்கும். புது மூடி போட்டதும் உள்ளே அழுத்தம் சரியான அளவுக்கு ஏறியது, அடுத்தபடியாகப் பலவீனமாக இருந்த இடம் வாய் திறந்தது. மறுபடி பம்பை மாட்டினோம். இந்த முறை ஹெட்டின் ஓரத்தில் ஹோஸ்கள் சேரும் பிளாஸ்டிக் பிளேஞ்சில் மயிரிழை வெடிப்பு. பத்துப் பதினைந்து வருடம் சூட்டில் வெந்த பிளாஸ்டிக் அப்படித்தான் போகும். தெர்மோஸ்டாட் ஹவுசிங், ரேடியேட்டரின் பக்கப் பெட்டி, கூலன்ட் டேங்க் என்று அந்த வயதுப் பிளாஸ்டிக் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டியலில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். அதில் மாட்டிய ஹோஸைக் கழற்றும்போது திருகி இழுத்தால் பிளாஸ்டிக் மூக்கே கையோடு வந்துவிடும். எப்படியும் மாற்றப்போகிற ஹோஸ் என்றால் கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்து எடுப்பது நல்லது.

கிளாம்ப் பற்றியும் ஒரு வார்த்தை. கம்பெனியிலிருந்து வரும் ஸ்பிரிங் கிளாம்பைக் கழற்றி எறிந்துவிட்டு, திருப்புளியால் முறுக்கும் கிளாம்ப் போட்டுவிடும் பழக்கம் நம் ஒர்க்‌ஷாப்களில் இருக்கிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. ஹோஸ் சூட்டில் விரிந்து ஆறும்போது சுருங்கும். ஸ்பிரிங் அதோடு கூடவே போய்ப் பிடித்துக்கொள்ளும், ஸ்க்ரூ கிளாம்ப் போகாது. இரவு குளிரில் மட்டும் சொட்டி, எஞ்சின் சூடானதும் நின்றுவிடும் கசிவு இருந்தால் முதலில் அந்தக் கிளாம்பைப் பாருங்கள்.

பிரஷர் ஏற்றியும் வெளியே எங்கும் ஈரம் தெரியாமல் முள் மட்டும் இறங்கினால் காருக்குள் தேட வேண்டும். டாஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கோரை நாம் வருடக் கணக்கில் பயன்படுத்துவதில்லை, ஆனாலும் பல கார்களில் கூலன்ட் எப்போதும் அதன் வழியாக ஓடிக்கொண்டே இருக்கும். முன் கண்ணாடியின் உட்பக்கம் எண்ணெய்ப் பசையோடு பனி படிவதும், கால் மிதியடி ஈரமாவதும் அதன் அறிகுறி. ஏசி தண்ணீரோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். நம் ஊர் வெயிலில் ஏசி போட்ட கார் அடியில் தண்ணீர் சொட்டுவது இயல்பு. அது நிறமில்லாமல், மணமில்லாமல், விரலில் தேய்த்தால் வெறும் தண்ணீராக இருக்கும். கூலன்ட் வழுவழுக்கும். விரலால் பாருங்கள், நாக்கால் வேண்டாம். எத்திலீன் கிளைக்கால் விஷம். அதன் இனிப்புக்குத் தெருநாய் நக்கிவிடும் என்பதால் தரையில் சிந்தியதை உடனே தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள்.

டீசல் வைத்திருப்பவர்களுக்கு வேறு பாடம். பல சின்ன டீசல் கார்களின் டர்போவுக்கு எண்ணெய் மட்டும்தான் போகிறது, கூலன்ட் போவதே இல்லை. அவர்கள் பார்க்க வேண்டியது இஜிஆர் கூலர். புகையைக் குளிரவைத்து மறுபடி எஞ்சினுக்கு அனுப்பும் அந்தப் பெட்டிக்குள் வெடிப்பு விட்டால் கூலன்ட் புகையோடு கலந்து போய்விடும். வெள்ளைப் புகை வரும், கூலன்ட் குறையும், வெளியே ஒரு துளி தெரியாது. இதையும் ஹெட் கேஸ்கட் என்று சொல்லிக் கழற்றுகிறவர்கள் உண்டு.

டாஷ்போர்டு முள்ளை நம்பி இருக்காதீர்கள். பல கார்களில் 75-லிருந்து 105 டிகிரி வரை முள் நடுவிலேயே நிற்கும்படிதான் அமைத்திருக்கிறார்கள். கூலன்ட் ரொம்பக் குறைந்துபோய் சென்சார் நீராவியில் நின்றால் முள் கீழே இறங்கக் கூடச் செய்யும். டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் மாட்டுகிற மலிவான புளூடூத் ஸ்கேனர் ஒன்று இருந்தால், உண்மையான டிகிரி போனில் தெரியும். மலை ஏறும்போது நான் அதைத்தான் பார்க்கிறேன்.

வழியில் நின்றுவிட்டால் ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போடும் வைத்தியம் லாரிக்காரர்கள் காலத்திலிருந்து இருக்கிறது. சின்ன ஓட்டையை அது அடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஓட்டையை அடைக்கிற பொருள், டர்போவுக்குப் போகும் மெல்லிய குழாயையும் ஹீட்டர் கோரையும் அடைக்கும். கடையில் விற்கும் லீக் அடைக்கும் திரவங்களுக்கும் இதே ஆட்சேபம்தான். வேறு வழியே இல்லாமல் போட்டால், வீடு வந்ததும் முழுவதும் வடித்துக் கழுவிவிட வேண்டும். சூடான மூடியை மட்டும் எந்த அவசரத்திலும் திறக்காதீர்கள். அழுத்தம் போன நொடியில் உள்ளே இருப்பது அத்தனையும் கொதித்து முகத்தில் அடிக்கும். ரேடியேட்டர் ஃபேன், சாவியை எடுத்த பிறகும் தானாகச் சுற்றத் தொடங்கும். துண்டு, துப்பட்டா எல்லாம் தள்ளியே இருக்கட்டும்.

பழைய டர்போ கார் வாங்கப் போகிறவர்கள் ஓட்டிப் பார்ப்பதற்கு முன், எஞ்சின் ஆறியிருக்கும்போதே பானெட்டைத் திறக்கச் சொல்லுங்கள். டேங்கில் நிறமுள்ள கூலன்ட் இல்லாமல் தெளிந்த தண்ணீரோ துருக் கலந்த தண்ணீரோ இருந்தால், அந்த வண்டிக்கு எங்கோ கசிவு இருக்கிறது, யாரோ தினமும் போர்வெல் தண்ணீர் ஊற்றிச் சமாளித்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். உப்புத் தண்ணீர் உள்ளே படிந்த எஞ்சினின் துருவைக் கழுவி முடிப்பது பெரிய வேலை. "நம்ம ஊர் சூட்டுக்கு தெர்மோஸ்டாட் வால்வு தேவையில்லன்னு எடுத்துட்டோம்" என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், அந்த எஞ்சின் எப்போதோ நன்றாகச் சூடேறியதால்தான் அதை எடுத்திருப்பார்கள். ரேடியேட்டர் கடைக்கு வண்டியைக் கொண்டுபோய் பிரஷர் டெஸ்ட் செய்து பார்க்க அவர் சம்மதித்தால் மேற்கொண்டு பேசுங்கள். மறுத்தால் வேறு வண்டி பாருங்கள்.